விமானிகளின் ஒப்பந்தமும் முத்திரை மரக்காலும்

கேள்வி நீடாமங்கலத்திலிருந்து வந்தது. கேட்டவரின் அண்ணன் மகன் விமானி உரிமம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். "அமெரிக்காவில் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கமாகப் பேசி 34 சதவீத சம்பள உயர்வு வாங்கினார்களாம். பேச்சே ஏறக்குறைய நாலு வருடம் நடந்ததாம். லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறவர்களுக்குச் சங்கம் எதற்கு? பேசி முடிக்க நாலு வருடம் எதற்கு? நம் விமானிகளால் ஏன் அப்படி வாங்க முடியவில்லை?" என்று மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருந்தார்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விமானி இல்லை. ஒரு விமான நிறுவனத்தில் ரோஸ்டர் போடும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். எந்த விமானி எந்த நாளில் எந்த விமானத்தில் ஏற வேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை. அதாவது நிர்வாகத்தின் பக்கம். என் அப்பா கொரடாச்சேரி பக்கம் ஒரு பண்ணையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவரும் களத்தில் அளக்கிற பக்கம்தான் நின்றார். ஆகவே இது சங்கத்துக்காரர் எழுதும் பதில் இல்லை, அளந்தவன் வீட்டுப் பிள்ளை எழுதும் பதில்.

இன்னொன்று. டெல்டா ஏர்லைன்ஸுக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு ஆற்றுப் படுகையால்தான். 1925ல் மிசிசிப்பி டெல்டாவின் பருத்தி வயல்களுக்கு விமானத்திலிருந்து பூச்சிமருந்து தூவும் கம்பெனியாக ஆரம்பித்தது. 1928ல் அந்தப் படுகையின் பெயரையே வைத்துக்கொண்டது. நம்மைப் போன்ற டெல்டாக்காரர்கள் பெயர் வைத்த விமானம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், செலவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா களத்துமேட்டுக் கதை நிறையச் சொல்வார். நெல்லை அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. யாருக்கு லாபம் என்பது எந்த மரக்கால் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பண்ணைக்கு வாங்கும்போது ஒரு மரக்கால், ஆளுக்குக் கூலி அளக்கும்போது கொஞ்சம் சின்ன மரக்கால். ஒரே மரக்காலாக இருந்தாலும் வாங்கும்போது குவித்து அளப்பார்கள், கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். 1940களில் தஞ்சைக் கிழக்கில் விவசாயிகள் சங்கம் எழுந்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, முத்திரை போட்ட மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பது. 1944ல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது அந்தக் காலத்தில்தான். கூலி எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால் எதால் அளப்பது என்று பேச வேண்டியிருந்தது.

பண்ணையாளையும் விமானியையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்து என்று கேட்டவர்களுக்கும், ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்குகிறவர்களுக்கும் என்ன ஒப்பு? நான் எடுத்துக்கொள்வது அளவை விஷயத்தை மட்டும். ஆனால் ரோஸ்டர் மேஜையில் உட்கார்ந்து பார்த்தபோது, விமானிகள் ஒப்பந்தத்தில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. சதவீதம் பத்திரிகைக்காரர்களுக்கு. மரக்கால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு.

விமானிக்குச் சம்பளம் பெரும்பாலும் மணிக்கணக்கில். எந்த மணி? விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர ஆரம்பித்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரைக்கும் உள்ள நேரம். இதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விமானி ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வானிலை, எரிபொருள், பழுதுக் குறிப்பு எல்லாம் பார்த்தாக வேண்டும். மார்கழிப் பனியில் ஓடுதளம் தெரியவில்லை, இரண்டு மணி நேரம் தாமதம் என்றால் அவரும் பயணிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சக்கரம் உருளாத வரை கடிகாரம் ஓடாது. இன்னொரு ஊரில் விமானம் ஓட்டுவதற்காகப் பயணியாக ஏறிப் போகிற நேரத்துக்கு முழுச் சம்பளமா, பாதியா? வீட்டில் சீருடையோடு 'ஸ்டாண்ட்பை' இருக்கும் நாளுக்கு எவ்வளவு? கடைசி நேரத்தில் விமானம் ரத்தானால் எழுதிவைத்திருந்த மணி கிடைக்குமா? ஒப்பந்தம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் போவது இதற்காகத்தான்.

அடுத்தது உத்தரவாத மணி. ஒரு மாதத்தில் 70 மணி உத்தரவாதம் என்றால், நிறுவனம் 50 மணிதான் பறக்க விட்டாலும் 70 மணிக்கான பணம் வந்துவிடும். உத்தரவாதத்தை 40 ஆக்கினால் 50 பறந்தால் 50க்குத்தான் பணம். மணிக்கான விலை அதேதான், ஒரு பைசா குறையவில்லை. ஆனால் கூட்டம் இல்லாத மாதத்தின் நட்டம் கம்பெனி தலையிலிருந்து விமானி தலைக்கு மாறிவிட்டது. குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு போடும் வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12ல் மேட்டூர் திறக்காத வருடத்தில் யார் கை கடிக்கும் என்பதுதான் கேள்வி. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானங்கள் கொத்துக்கொத்தாக ரத்தானதே, அதன் பின்னால் இருந்தது இந்த 70க்கும் 40க்கும் இடையிலான சண்டைதான். முந்தைய வருடம் ஏர் இந்தியாவில் புதிய சம்பள முறைக்கு எழுந்த எதிர்ப்பிலும் இதே 40 மணி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் "இவ்வளவு வாங்கியும் போதவில்லையா" என்றார்கள். சம்பளம் உயர்ந்ததா குறைந்ததா என்று நேராகப் பதில் சொல்லவே முடியாத ஒப்பந்தம் அது. எத்தனை மணி பறக்கப்போகிறாய் என்பதைப் பொறுத்தது, அதை முடிவு செய்கிறவன் நீயில்லை.

இந்தச் சண்டை புதிதில்லை. 1931ல் தொடங்கிய அமெரிக்க விமானிகள் சங்கம் ஆரம்பத்திலேயே போட்ட சண்டைகளில் ஒன்று இது. அதற்கு முன் விமானிக்கு மைல் கணக்கில் காசு. விமானங்கள் வேகமெடுத்தன, ஒரு மணியில் அதிக மைல் போக ஆரம்பித்தது. உடனே முதலாளிகள் மைலை விட்டுவிட்டு மணிக்கணக்கில் கொடுக்கிறேன் என்றார்கள். வேகத்தின் லாபம் யாருக்கு என்பதுதான் தகராறு. 1934ல் தேசியத் தொழிலாளர் வாரியம் கொடுத்த 83ஆம் எண் தீர்ப்பு அடிப்படைச் சம்பளம், மணி, மைல் மூன்றையும் கலந்து ஒரு கணக்கு வைத்தது. மாதம் 85 மணிக்கு மேல் பறக்கக்கூடாது என்றும் சொன்னது. தொண்ணூறு வருடம் ஆகியும் பேச்சு மேஜையில் அதே மூன்று சொற்கள்தான் வேறு வேறு உடுப்பில் வந்து உட்காருகின்றன.

இன்னொரு பெரிய அத்தியாயம் வெளியாள் பிரச்சினை. அமெரிக்க ஒப்பந்தங்களில் 'ஸ்கோப்' என்று ஒரு பகுதி உண்டு. பெரிய நிறுவனம் தன் பெயரை ஒட்டிய விமானத்தைச் சின்ன நிறுவனங்களின் குறைந்த சம்பள விமானிகளை வைத்து ஓட்டலாம், ஆனால் அந்த விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் இருக்கக்கூடாது, எடை 86,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டு எண்களுக்காக விமானம் கட்டுகிற கம்பெனிகளே தங்கள் வடிவமைப்பைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டி வந்தது. அறுபதுகளில் கீழத்தஞ்சையில் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கியபோது எப்படிப்பட்ட பகை மூண்டது, 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் அது எங்கே போய் முடிந்தது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்து நான்கு உயிர். அதற்கு மேல் இங்கே அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. வேலை உள்ளூர் ஆளுக்கா வெளியாளுக்கா என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள ஒரு தொழில் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்பது மட்டும் புரிந்தால் போதும்.

இப்போது முதல் கேள்வி. லட்சம் வாங்குகிறவனுக்குச் சங்கம் எதற்கு? கணினி வேலை செய்கிற நம் பையன்கள் சம்பளம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கம்பெனிக்கு மாறிவிடுகிறார்கள். அமெரிக்க விமானியால் அது முடியாது. அங்கே எல்லாமே சீனியாரிட்டி பட்டியல். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளிக்கு லீவா வேலையா, எப்போது கேப்டன் ஆவது, எல்லாம் பட்டியலில் உன் எண்ணைப் பொறுத்தது. இருபது வருடம் ஒரு நிறுவனத்தில் ஓட்டியவர் பக்கத்து நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியில், நேற்று சேர்ந்த பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சம்பளமும் முதல் வருடக்காரன் சம்பளம். நிலத்தோடு கட்டுப்பட்டவன் மாதிரிதான், கொஞ்சம் சொகுசான கட்டு. வெளியேற முடியாதவன் இருக்கும் இடத்திலேயே பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஏன் நாலு வருடம்?

அங்கே விமானிகள் வருவது ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ். 1926ல் ரயில்வேக்காக எழுதினார்கள், 1936ல் விமான நிறுவனங்களையும் அதில் சேர்த்தார்கள். இந்தச் சட்டப்படி ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் என்று ஒன்று கிடையாது. 'இந்த நாளிலிருந்து திருத்தலாம்' என்ற நாள்தான் உண்டு. அந்த நாள் போன பிறகும் பழைய ஒப்பந்தம் பழைய சம்பளத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். நேரடிப் பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம் வரும். இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியம் கைவிரிக்கும் வரை வேலைநிறுத்தம் கூடாது. கைவிரிப்பதற்கு அதற்குக் கெடு எதுவும் இல்லை. கைவிரித்தாலும் 30 நாள் ஆறப்போட வேண்டும். அதற்கப்புறமும் ஜனாதிபதி நினைத்தால் அவசரக் குழு போட்டு இன்னும் 60 நாள் தள்ளலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலையை நிறுத்தினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஜனாதிபதி கிளின்டன் குழு போட்டு நிறுத்திவிட்டார்.

ஆக, இழுத்தடிப்பதில் யாருக்கு லாபம் என்று பாருங்கள். டெல்டா விமானிகளின் ஒப்பந்தம் 2019 டிசம்பர் 31லேயே திருத்தத்துக்கு வந்துவிட்டது, பேச்சு அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. நடுவில் கொரோனா. புதிய ஒப்பந்தம் 2023 மார்ச்சில்தான். அந்த மூன்று வருடமும் பழைய சம்பளம். கிடைத்த உயர்வு கையெழுத்தானவுடன் 18 சதவீதம், அடுத்து 5, அப்புறம் 4, கடைசியாக 4. கூட்டினால் 31தான் வரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் 34. அதிலும் அந்த முதல் 18 சதவீதம் மூன்று வருட விலைவாசி ஏற்றத்துக்கு ஏறக்குறைய சரியாகப் போயிற்று. காத்திருந்த காலத்துக்கென்று ஒரு மொத்தத் தொகையும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைப்புச் செய்தியில் 34 பெரிதாகத் தெரியும், கணக்குப்பிள்ளை மகனுக்கு அப்படித் தெரியவில்லை.

வேலைநிறுத்தம் செய்ய முடியாத சங்கம் எப்படி நெருக்கும்? 2022 அக்டோபரில் டெல்டா விமானிகளில் வாக்களித்தவர்களில் 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம் என்றார்கள். சட்டப்படி அன்றைக்கு நிறுத்த முடியாது, ஆனால் முதலீட்டாளரும் பயணியும் பார்க்கிறார்கள் அல்லவா? விமான நிலைய வாசலில் சீருடையோடு, தொப்பி போட்டு, வரிசையாக நிற்பார்கள். கோஷம்கூட இருக்காது. எல்லோரும் சேர்ந்து சிக் லீவு போடும் வழி மட்டும் ஆபத்து. 1999ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் அதைச் செய்து, சங்கத்துக்கு நீதிமன்றம் 4 கோடியே 55 லட்சம் டாலர் அபராதம் போட்டுத் தீட்டியது.

2023ல் காற்று அவர்கள் பக்கம் அடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. கொரோனாவில் நிறுவனங்களே பணம் கொடுத்து மூத்த விமானிகளை முன்கூட்டி ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. பயணிகள் திரும்பி வந்தபோது ஓட்ட ஆளில்லை. 2009ல் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு வந்த 1,500 மணி அனுபவ விதியால் புதியவர்களைச் சட்டென்று கொண்டுவரவும் முடியவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்காத வாரத்தில் கூலி எப்படி ஏறுமோ அப்படி ஏறியது. பக்கத்து ஊரில் என்ன கொடுக்கிறான் என்று பார்த்துக் கேட்பதும் அப்படியே. டெல்டாவுக்குப் பிறகு அமெரிக்கன், யுனைடெட், 2024 ஜனவரியில் சவுத்வெஸ்ட் என்று வரிசையாக உயர்ந்தது. டெல்டா சங்கம் கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி சேர்த்திருந்தது: அமெரிக்கனோ யுனைடெட்டோ எவ்வளவு கொடுத்தாலும் எங்களுக்கு அதைவிட ஒரு சதவீதமாவது கூட இருக்க வேண்டும்.

தாமதத்துக்கு நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நம் பக்கம் தாசில்தார் முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் தலைவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே சண்டை போட்டது பாதி, இங்கே வந்து பதில் சொல்வது மீதி. விமானிகளிடமும் அப்படித்தான். 2015ல் டெல்டா பேச்சுக் குழு கொண்டுவந்த உடன்பாட்டை உறுப்பினர்கள் 65 சதவீதம் பேர் வாக்களித்துத் தூக்கி எறிந்தார்கள். சம்பளம் ஏறத்தான் செய்தது, ஆனால் லாபப் பங்கில் கை வைத்திருந்தது, சிக் லீவுக்குக் கெடுபிடி கூடியிருந்தது. 2022ல் யுனைடெட்டில் 94 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நூறில் ஆறு பேர்தான் தலையாட்டினார்கள் என்றால் பேசப் போனவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இங்கே கட்டு வேறு மாதிரி. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கேப்டன் கேப்டனாகவே போகலாம், அனுபவத்துக்கு விலை உண்டு. ஆகவே கோபம் வந்தவன் சங்கத்துக்குப் போவதில்லை, அடுத்த நிறுவனத்துக்குப் போகிறான். அதைத் தடுக்கத்தான் 2017 விதி: விலக வேண்டுமானால் கேப்டன் ஒரு வருடம் முன்னால் சொல்ல வேண்டும், கோ-பைலட் ஆறு மாதம். ஒரு வருட நோட்டீஸ் கேட்கும் வேறு வேலை எனக்குத் தெரிந்து நம் நாட்டில் இல்லை. கேப்டன் தொழிலாளியா, மேற்பார்வையாளரா என்ற வழக்கு வேறு. தொழிலாளி இல்லை என்றாகிவிட்டால் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடும்.

பழைய அரசு நிறுவனத்தில் சங்கங்கள் வலுவாகத்தான் இருந்தன. ஆனால் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் 2007ல் இணைத்த பிறகு சங்கங்கள் இரண்டாகவே நின்றன. தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் மாதிரி. 2011ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் சங்கம் எங்களுக்கும் ஏர் இந்தியாக்காரர்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று பத்து நாள் வேலையை நிறுத்தியது. 2012ல் மற்றச் சங்கம், புதிதாக வரும் ட்ரீம்லைனர் விமானத்துக்கு அவர்களைப் பழக்கக்கூடாது என்று 58 நாள் நிறுத்தியது. நூறு பேர் அளவில் வேலை போயிற்று, சங்கத்தின் அங்கீகாரமும் போயிற்று, கடைசியில் நீதிமன்றத்தில் திரும்புகிறோம் என்று சொல்லித் திரும்பினார்கள். என் அபிப்பிராயம், அந்த 58 நாளில் தோற்றது ஒரு சங்கம் மட்டுமில்லை. மேலே தண்ணீரை மறித்துச் சண்டை போட்டால் வாய்க்காலே தூர்ந்துபோகும்.

தனியார் பக்கம் 2009ல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் தொடங்க, இரண்டு பேரை நீக்க, மற்றவர்கள் சிக் லீவு போட, ஐந்து நாளில் சமாதானம் ஆயிற்று. இன்று அப்படிச் செய்வது கடினம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி பாதிப்பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தாலே அது வேலைநிறுத்தம்.

அதனால் இங்கே விமானிகள் மரக்காலுக்கு முத்திரை கேட்டுப் போவது நிர்வாகத்திடம் இல்லை, அரசிடமும் நீதிமன்றத்திடமும். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவுப் பணியில் விமானத்தைத் தரையிறக்குவது ஆறு தடவையிலிருந்து இரண்டானது, எல்லாம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியாகத்தான் வந்தது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அதற்குத் தேதி வாங்கின. 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், அந்த விதியில் சிலவற்றுக்கு அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கிடைத்ததும் நினைவிருக்கும். ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் தளர்த்துவதற்குச் சங்கத்தின் கையெழுத்து வேண்டும். விதியில் இருப்பதைத் தளர்த்த ஓர் உத்தரவு போதும்.

நானும் பாவம் செய்தவன்தான். ஓய்வு எத்தனை மணி என்று விதி சொன்னதோ அதை ஒரு நிமிடம் பிசகாமல் ரோஸ்டரில் கொடுத்திருக்கிறேன், ஆனால் அது பட்டப்பகலில் விழும்படி பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்தவர் காலை பத்து மணி வெயிலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்க வேண்டும். சட்டப்படி குறையில்லை. தலைதட்டித்தான் அளந்தேன்.

உங்கள் அண்ணன் மகனுக்கு வேலைக் கடிதம் வந்தால் மாதச் சம்பளம் என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பதை அவன் அம்மாவிடம் காட்டட்டும். அவன் பார்க்க வேண்டியது வேறு: உத்தரவாத மணி எத்தனை, ஸ்டாண்ட்பை நாளுக்கு என்ன கணக்கு, பயணியாக அனுப்பும் நேரத்துக்கு உண்டா, பயிற்சிச் செலவுக்கு எத்தனை வருட பாண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், 'நிர்வாகம் அவ்வப்போது மாற்றலாம்' என்ற வாசகம் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டு இந்த ஆறையும் எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பறக்காத மாதத்தில் கையில் என்ன நிற்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.